படத்தில் இன்ஹேலர் தலைகீழாக இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் ஆஸ்துமா பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை படிப்பதற்கு. இரண்டாம் முறை, என் கண்ணில் கோளாறா, படத்தில் கோளாறா என்று தெரிந்துகொள்வதற்கு. கோளாறு படத்தில்தான். அதில் இருக்கும் பெண் இன்ஹேலரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். மருந்துக் குப்பி கீழே இருக்கிறது, வாயில் வைக்கும் பகுதி மேலே இருக்கிறது. போதாக்குறைக்கு உதடுகளும் திறந்தே இருக்கின்றன. அப்படிப் பிடித்து அழுத்தினால் மருந்தின் அளவு சரியாக வராது. வருகிற கொஞ்சமும் பல்லிலும் கன்னத்திலும் படிந்துவிடும்.

ஒரு படத்துக்காகவா இவ்வளவு நீளமான கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். நான் 33 ஆண்டுகள் பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஆஸ்துமா வந்து 28 ஆண்டுகள் ஆகின்றன. அதில் முதல் 11 ஆண்டுகள் நானும் ஏறக்குறைய அந்தப் படத்துப் பெண்ணைப் போலத்தான் மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் அந்தப் படத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

அந்த 11 ஆண்டுகளில் நடந்தது இதுதான். மருந்துச் சீட்டில் இன்ஹேலர் எழுதப்பட்டது, நான் வாங்கினேன். “காலையும் இரவும் இரண்டு முறை உறிஞ்சுங்கள்” என்றார்கள். உறிஞ்சுவது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வாயைத் திறந்து அழுத்துவேன். குளிர்ச்சியாக ஒரு கசப்பு நாக்கில் பரவும். பிறகு வழக்கம்போல மூக்கால் மூச்சு விடுவேன். அந்தக் கசப்புதான் மருந்து வேலை செய்வதற்கு அடையாளம் என்று நம்பியிருந்தேன். இழைப்பு குறையாதபோதெல்லாம் மருத்துவர் மாறினார், மருந்து மாறியது, அளவு கூடியது. எப்படிப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. மாணவன் கணக்கில் எந்த வரியில் தவறினான் என்று நோட்டைத் திறந்து பார்க்காமல், பாடப் புத்தகத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் அவன் எப்படித் தேறுவான்?

பன்னிரண்டாம் ஆண்டில் ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போனேன். மருத்துவர் அறைக்கு வெளியே, இரத்த அழுத்தம் பார்க்கும் மேசையில் ஒரு செவிலியர் இருந்தார். என் சீட்டைப் பார்த்துவிட்டு, “டீச்சர், உங்கள் பம்பை எடுத்து ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. வரிசையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் என் பழைய மாணவர்களின் பெற்றோர். பத்தாண்டுகளுக்கு மேல் போட்டுக்கொள்கிறவளிடம் இது என்ன பரீட்சை? இருந்தாலும் போட்டுக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “மருந்து முழுவதும் நாக்கிலேயே நின்றுவிட்டது டீச்சர், நெஞ்சுக்கு ஒன்றும் போகவில்லை” என்றார்.

பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காலி பம்பை எடுத்து, தானே செய்து காட்டினார். நன்றாகக் குலுக்கினார். முதலில் உள்ளே இருக்கும் மூச்சை மெதுவாக வெளியே விட்டார். உதடுகளால் குழலை இறுக்கமாகக் கவ்விக்கொண்டார். மூச்சை உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே ஒரு முறை அழுத்தினார். அழுத்திய பிறகும் இழுப்பதை நிறுத்தாமல், அவசரப்படாமல், நான்கைந்து நொடிகள் இழுத்தார். வாயை மூடிப் பத்து வரை விரல்விட்டு எண்ணினார். அடுத்தது என் முறை. முதல் தடவை அழுத்திவிட்டுப் பிறகு இழுத்தேன். இரண்டாம் தடவை மூச்சை வெளியே விட மறந்தேன். மூன்றாம் தடவை சரியாக வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போனபோது அவர் மறுபடியும் போட்டுக் காட்டச் சொன்னார். எனக்கு மறுபடியும் சுருக்கென்றது. அவர் கேட்டது சரிதான். முதலில் மூச்சை வெளியே விடும் படியை நான் மறுபடியும் விட்டிருந்தேன். ஒரு முறை கற்றுக்கொண்டவர்களுக்கும் நான்கு முதல் ஆறு வாரங்களில் பிழைகள் திரும்பி வருவது வழக்கம் என்று, ஆஸ்துமா சிகிச்சைக்கான உலக வழிகாட்டு நெறிகளை வெளியிடும் ‘ஜினா’ அமைப்பு எழுதியிருப்பதைப் பின்னாளில் படித்தேன். எந்த ஆசிரியருக்கும் இது புதிய செய்தி இல்லை. கோடை விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளிடம் பின்னக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

என் கதை தனிக்கதை என்று யாராவது ஒதுக்கிவிடக்கூடும். 2016இல் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு வெளியானது. நாற்பது ஆண்டுகளில் வந்த 144 ஆய்வுகள், 54,354 நோயாளிகள். இவர்களில் இன்ஹேலரைப் பிழையில்லாமல் பயன்படுத்தியவர்கள் 31 விழுக்காடுதான். அழுத்திப் போடும் வகையைப் பயன்படுத்தியவர்களில் 46 விழுக்காட்டினர் மருந்தை இழுத்த பிறகு மூச்சை அடக்கவில்லை. என்னைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. அந்த நாற்பது ஆண்டுகளில் இந்த நிலையில் முன்னேற்றமே இல்லை. இந்தக் காலத்தில் புதிய மருந்துகள் வந்தன, புதிய புதிய கருவிகள் வந்தன. அழுத்தும் வகை இன்ஹேலரே 1956இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. என்னைவிட மூத்த கருவி அது. இன்னும் அதை வாயில் எப்படி வைப்பது என்று மூன்றில் இரண்டு பேருக்குச் சரியாகத் தெரியவில்லை.

உங்கள் கட்டுரை ‘நோயாளிகளிடையே விழிப்புணர்வு தேவை’ என்று முடிகிறது. அந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் சண்டை. நான் நன்றாகவே விழித்திருந்தேன், ஐயா. இரவெல்லாம் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடி விழித்திருந்தேன். துண்டுப் பிரசுரங்கள் படித்தேன், முகாமுக்குப் போனேன், உரை கேட்டேன், கைதட்டினேன். மூச்சுக்குழாய்ச் சுவர் வீங்குவது, அதைச் சுற்றியுள்ள தசை இறுகுவது, சளி அடைப்பது எல்லாம் எனக்கு மனப்பாடம். மருந்து மட்டும் நாக்கிலேயே நின்றது. செய்தியைச் சொல்லிவிட்டுப் போவதால் பயன் குறைவு என்பதற்கும் சான்று இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் ‘காக்ரேன்’ அமைப்பின் ஆய்வுத் தொகுப்புகளில் இரண்டை அருகருகே வைத்துப் பாருங்கள். 2002இல் வந்தது, வெறும் தகவல் மட்டும் தரும் திட்டங்களைப் பற்றியது. அவற்றால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது குறையவில்லை. 2003இல் வந்தது, நோயாளி தன்னைத் தானே கவனித்துக்கொள்ளப் பழக்கும் 36 ஆய்வுகளைத் திரட்டியது. அறிகுறிகளையோ மூச்சின் அளவையோ தானே கண்காணிப்பது, அவ்வப்போது மருத்துவரோடு சேர்ந்து மறுபார்வை செய்வது, கையில் எழுதிக் கொடுத்த திட்டம் வைத்திருப்பது ஆகியவை அதில் அடக்கம். அங்கே மருத்துவமனைச் சேர்க்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. கரும்பலகையில் சூத்திரத்தை எழுதிவிட்டு வகுப்பை முடிப்பதற்கும், ஒவ்வொரு பிள்ளையையும் எழுந்து வந்து போட்டுக் காட்டச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அதே செவிலியரிடமிருந்து நான் கற்ற இரண்டாவது பாடம் கேள்வி கேட்பது பற்றியது. மருத்துவர்கள் எல்லோரும் “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்பார்கள். நான் எல்லோரிடமும் “பரவாயில்லை” என்று சொல்வேன். மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது எனக்குப் பழகிவிட்டிருந்தது. பழகிப்போனதை யாரும் நோய் என்று சொல்லமாட்டார்கள். அவரோ, “போன நான்கு வாரத்தில் எத்தனை இரவு இருமலாலோ இழைப்பாலோ எழுந்தீர்கள்?” என்று கேட்டார். யோசித்து எண்ணினேன். பன்னிரண்டு. சொன்ன பிறகு எனக்கே அந்த எண் அச்சமாக இருந்தது. ஓர் இரவு எழுந்திருந்தால்கூட நோய் முழுக் கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருளாம். பகலில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் இழைப்பு வருகிறதா, உடனடி நிவாரணம் தரும் பம்பை வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் எடுக்கிறீர்களா, மூச்சுக்குப் பயந்து எந்த வேலையையாவது தவிர்க்கிறீர்களா என்பவை மற்றக் கேள்விகள். எண்ணால் கேட்டால் எண்ணால் பதில் வரும். ‘பரவாயில்லை’ என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை.

மூன்றாவதாக எனக்குக் கிடைத்தது ஒரு தாள். மருத்துவர் கையெழுத்திட்டு, மூன்று வண்ணம் தீட்டிய தாள். இன்றும் அதன் புதிய பதிப்பு என் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு குழல் உண்டு. ஆழ்ந்து மூச்சிழுத்து ஒரே மூச்சில் முழு வேகத்தோடு ஊதினால் முள் ஓர் எண்ணில் போய் நிற்கும். நன்றாக இருக்கும் நாட்களில் என்னுடைய அதிகபட்ச எண் 380. அதில் 80 விழுக்காடு 304. அதற்கு மேல் பச்சை, வழக்கமான மருந்து போதும். 50 விழுக்காடு 190. 304க்கும் 190க்கும் நடுவே மஞ்சள், அப்போது எந்த மருந்தை எவ்வளவு கூட்டுவது, யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்று எழுதியிருக்கிறது. 190க்குக் கீழே சிவப்பு. எழுதியிருக்கும் மருந்தைப் போட்டுக்கொண்டே அவசரப் பிரிவுக்குக் கிளம்ப வேண்டும். மருந்துகளின் அளவை இங்கே எழுதமாட்டேன். அது எனக்கென்று மருத்துவர் எழுதியது. வேறொருவர் அதைப் பார்த்துப் பின்பற்றக்கூடாது.

அந்தத் தாள் என்ன செய்தது என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு சளிக்காய்ச்சலின்போது காலையில் ஊதினேன், 350. மறுநாள் 310. அதற்கு மறுநாள் 270. நான் சத்தியமாகச் சொல்கிறேன், 270இல் நின்ற அன்று எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் சோர்வு, அவ்வளவுதான். மெதுவாகச் சுருங்கும்போது உடம்பு அதற்கேற்பத் தன்னை ஏமாற்றிக்கொள்கிறது. பழைய நாளாக இருந்தால் இன்னும் இரண்டு நாள் இழுத்தடித்து, நள்ளிரவில் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் அவசரப் பிரிவில் போய் நின்றிருப்பேன். நெபுலைசரும் ஊசியுமாக விடிந்திருக்கும். அன்று தாளில் மஞ்சளுக்கு எழுதியிருந்தபடி செய்தேன், மருத்துவரை அழைத்துச் சொன்னேன். நான்காம் நாள் 330. இதில் வீரதீரம் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் மீட்டர் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. எண்களோடு ஒத்துப்போகாதவர்களுக்கு அறிகுறிகளை வைத்தே இதே தாளை எழுதலாம், எழுத்து வாசிக்காதவர்களுக்குப் படமாக வரைந்து கொடுக்கலாம்.

இந்தத் தாள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை பிரிட்டன் ஒரு முறை எண்ணிப் பார்த்தது. ஆஸ்துமாவால் நேர்ந்த 195 மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014இல் அறிக்கை வெளியிட்டார்கள். அந்த 195 பேரில் எழுத்து வடிவத் திட்டம் கையில் தரப்பட்டவர்கள் 44 பேர். மருத்துவ உதவி கேட்காமலோ, கேட்டும் அவசர சிகிச்சை வந்து சேரும் முன்போ இறந்தவர்கள் 45 விழுக்காடு. உடனடி நிவாரண பம்பு எத்தனை எழுதிக் கொடுக்கப்பட்டது என்று 165 பேருக்குக் கணக்குக் கிடைத்தது; அதில் 65 பேருக்கு இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் 12க்கும் மேல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாதம் ஒரு பம்பு தீர்ந்துகொண்டே இருந்திருக்கிறது, எழுதிக் கொடுத்த இடத்தில் அது பதிவாகியும் இருந்திருக்கிறது. அந்தப் பதிவேட்டைப் புரட்டி ஒரு தொலைபேசி அழைப்பு போயிருந்தால் என்ற எண்ணம் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

நிவாரண பம்பு மூச்சுக்குழாயைச் சுற்றிய தசையைத் தளர்த்தும், உள்ளே இருக்கும் வீக்கத்தை ஆற்றாது. ஆற்றுவது உறிஞ்சும் ஸ்டீராய்டு. அது இல்லாமல் நிவாரண மருந்தை மட்டும் நம்பியிருக்கும் சிகிச்சை பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இனி வேண்டாம் என்று 2019இல் ஜினா விதியையே மாற்றிவிட்டது. விதி மாறிய செய்தி நோயாளியின் சட்டைப் பைவரை வந்து சேர்ந்ததா? என்னோடு காலை நடைக்கு வருகிறவர்களில் மூன்று பேர் பம்பு வைத்திருக்கிறார்கள். மூவரிடமும் நிவாரண பம்பு மட்டும்தான். காரணம் கேட்டால் பதில் ஒன்றுதான்: “அது ஸ்டீராய்டு டீச்சர்.”

இந்தப் பயத்தை அறிவுரை சொல்லிப் போக்க முடியாது, கணக்குப் போட்டுத்தான் போக்க முடியும். நான் காகிதத்தில் எழுதிக் காட்டுவேன். மூச்சுத் திணறல் முற்றி மருத்துவமனைக்குப் போனால் தரும் ஸ்டீராய்டு மாத்திரை ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் என்று வையுங்கள். அது 40,000 மைக்ரோகிராம். பம்பில் ஒரு முறை அழுத்தினால் வருவது 100 அல்லது 200 மைக்ரோகிராம். இரண்டும் வேறு வேறு மருந்து, வீரியமும் வேறு, ஆகவே நேராக வகுத்துவிடக்கூடாது என்று மருத்துவர்கள் திருத்துவார்கள், திருத்தம் சரிதான். ஆனாலும் எதற்குப் பயந்து எதைத் தேடிப் போகிறோம் என்பது அந்த ஒரு வரியில் விளங்கிவிடுகிறது. மூவரில் ஒருவர் மறுவாரமே மருத்துவரிடம் போனார். போட்ட பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்தே சொல்வேன். இதைச் சொல்லாததால் புண் வந்து, அதனால் மருந்தையே நிறுத்தியவர்கள் உண்டு.

இன்னொரு கணக்கு. பம்பில் 200 அழுத்தங்கள் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 4 என்றால் 50 நாள். அதற்குப் பிறகும் அழுத்தினால் புஸ் என்று வரும், ஆனால் அதில் மருந்து போதிய அளவு இருக்காது. எண்ணிக்கை காட்டும் வசதி இல்லாத பம்பு என்றால், தொடங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் வித்தையை நானும் செய்திருக்கிறேன். அது எதையும் சரியாகக் காட்டாது, குப்பியின் வாய்தான் அடைத்துக்கொள்ளும்.

இதெல்லாம் பெரிய மருத்துவமனையின் நிபுணர் சொல்ல வேண்டியவை என்று கட்டுரையாளர் கருதுவதாகத் தெரிகிறது. நிபுணரை நான் 28 ஆண்டுகளில் ஆறு முறை பார்த்திருப்பேன். சளி, காய்ச்சல், மருந்துச் சீட்டு புதுப்பித்தல் என்று பக்கத்து மருத்துவரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கழித்த நாட்களுக்குக் கணக்கே இல்லை. பாடம் நடக்க வேண்டியது அங்கேதான். மருத்துவருக்கு நேரமில்லை என்பார்கள். உண்மை, வரிசையை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மருத்துவர் இல்லையே. பழக்கப்பட்ட ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர், ஒரு காலி பம்பு, இரண்டு மூன்று நிமிடம் போதும். விரல் வாதத்தால் அழுத்த முடியாதவர், அழுத்துவதையும் இழுப்பதையும் ஒருங்கே செய்ய வராதவர் எவரென்று போட்டுக் காட்டச் சொன்னால்தான் தெரியும். அவருக்கு ஸ்பேசர் (பம்போடு பொருத்தி, மருந்தைத் தேக்கி நிதானமாக இழுக்க உதவும் குழாய்) போன்ற மாற்று உண்டு. பொடி வடிவ மருந்தாக இருந்தால் விதியே தலைகீழ்: மெதுவாக இழுக்கக்கூடாது, வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு வகையும் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே மாதிரி இழுப்பவர்கள் இருக்கிறார்கள்.

மருந்தே கிடைக்காத இடங்களில் இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்று ஒரு வாசகர் கேட்டால், அவருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 2019இல் உலகெங்கும் 4,55,000 பேர் ஆஸ்துமாவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் பலர் நல்ல இன்ஹேலர் எட்டாத இடங்களில் வாழ்ந்தவர்கள். நான் பேசுவது மருந்து கையில் இருந்தும் நெஞ்சுக்குள் போகாதவர்களைப் பற்றி.

ஒரு மாணவியின் நினைவு வருகிறது. ஒன்பதாம் வகுப்பு. ஓட்டப் பந்தயத்துக்குப் பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உதடு வெளுத்திருந்தது. பம்பு எங்கே என்றால் பதில் இல்லை. புத்தகப் பையின் அடியில், கணக்கு நோட்டு அட்டைக்குள் சுற்றி ஒளித்து வைத்திருந்தாள், தோழிகள் பார்த்துவிடக்கூடாதாம். எடுத்துக் கொடுத்தபோது அவளும் வாயைத் திறந்து நாக்கில்தான் அடித்தாள். அப்போது எனக்கு அந்த ஐந்து நிமிடப் பாடம் கிடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவளோடு சேர்ந்து பத்து எண்ணினேன். அவள் மூச்சு சீராவதற்குள் ஆம்புலன்ஸையும் அழைத்துவிட்டோம். அடுத்த வாரத்திலிருந்து பம்பு அவள் பையின் முன்பக்கத்தில் இருந்தது.

உங்களிடம் நான் கேட்பது சிறிய உதவி. அந்தப் படத்துக்குத் திருத்தம் வெளியிடுங்கள். எழுத்தில் மட்டும் வருத்தம் தெரிவித்தால் போதாது, சரியான படத்தை அதே அளவில் அச்சிடுங்கள். குப்பியின் அடிப்பக்கம் மேலே இருக்க வேண்டும், வாயில் வைக்கும் பகுதி கீழே. உதடுகள் அதை முழுவதும் கவ்வியிருக்க வேண்டும், முகம் சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும். அச்சுக்குப் போகும் முன் உங்கள் அலுவலகத்தில் பம்பு வைத்திருக்கும் யாரையாவது அழைத்து, ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்